மருந்து பன்றிக்கு, புழு கழிவுக் குழியில்

வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மருந்தைப் பற்றித்தான். "ஊசி போட்டா போதுமா டாக்டர், இல்ல தீவனத்துலயும் கலந்து குடுக்கணுமா? மூணு மாசத்துக்கு ஒருக்கா போட்டா சரியா?" எல்லாம் நியாயமான கேள்விகள். கழிவுப் பேச்சு வந்தால் நாற்றத்தைப் பற்றிக் கேட்பார்கள், ஈயைப் பற்றிக் கேட்பார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பஞ்சாயத்தில் மனு கொடுத்துவிட்டதைச் சொல்லி வருத்தப்படுவார்கள். புழுவையும் கழிவுக் குழியையும் சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. ஒரு பண்ணையில் குடற்புழு போவதும் வருவதுமாக வருடக்கணக்கில் இழுத்தடித்தால், மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நான் குழியைப் பார்க்கப் போவேன்.

பன்றியின் பெரிய உருண்டைப் புழுவுக்கு அஸ்காரிஸ் சூம் என்று பெயர். வளர்ந்த பெண் புழு ஒரு சாணுக்கும் கூடுதலாக நீளும். அது பன்றியின் குடலில் சில மாதங்கள் வாழும், அவ்வளவுதான். அதன் முட்டை ஈர மண்ணிலும் கழிவிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே எந்த நாளில் கணக்கெடுத்தாலும், ஒரு பண்ணையின் புழுக்களில் பெரும்பங்கு வெளியே முட்டையாகத்தான் இருக்கிறது. நாம் மருந்து கொடுப்பது உள்ளே இருக்கும் கொஞ்சத்துக்கு.

அந்த முட்டையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். முட்டையின் நீளம் 50 முதல் 70 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் பதினைந்து முட்டைகளை வரிசையாக அடுக்கலாம். வெளியே மேடுபள்ளமான ஒரு பசைப் படலம். அதனால்தான் அது தாய்ப்பன்றியின் மடியிலும், சுவரிலும், மண்வெட்டியிலும், நம் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொள்கிறது. அதற்குள் கெட்டியான ஓடு. எல்லாவற்றுக்கும் உள்ளே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. உண்மையான கவசம் அதுதான். பெரும்பாலான ரசாயனங்களை அது உள்ளே விடாது. ஆய்வுக்காக இந்த முட்டைகளை வளர்க்கும்போது நீர்த்த கந்தக அமிலத்திலோ ஃபார்மலினிலோதான் ஊற வைப்பார்கள். பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் செத்துப்போகும், முட்டை மட்டும் நிம்மதியாக வளரும். இது தெரிந்தபிறகு, கொட்டகைத் தரையில் பினாயிலை ஊற்றிவிட்டுப் புழுத் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, உட்கார வைத்து விளக்கத் தொடங்கிவிடுவேன்.

ஃபார்மலினுக்கே அசராத இந்தக் கவசம் சூட்டுக்கு மட்டும் தாங்காது. 60 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்களில் முட்டை செத்துவிடும். 55 டிகிரியில் சில மணி நேரம் ஆகும். நம் ஊர் நிழலின் 30, 32 டிகிரி அதற்கு வளரத் தோதான வெப்பம்.

பரிசோதனை எப்படி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சமையல் உப்பைத் தண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைக்க வேண்டும். இரண்டு மூன்று கிராம் புது விட்டையை அதில் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குழாயில் விளிம்பு தளும்ப ஊற்றி, மேலே ஒரு கண்ணாடி வில்லையை மூடி இருபது நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். உப்புத் தண்ணீரின் கனத்தை விட முட்டையின் கனம் குறைவு, அது மெல்ல மேலே ஏறி வில்லையில் ஒட்டும். வில்லையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அஸ்காரிஸ் முட்டை பழுப்புத் தங்க நிறத்தில், ஓரமெல்லாம் நெளிநெளியாகத் தெரியும். சாட்டைப்புழுவின் முட்டை எலுமிச்சம்பழ வடிவில் இருக்கும், இரண்டு முனையிலும் தக்கை வைத்து அடைத்தது போல. முடிச்சுப் புழுவின் முட்டைக்கு ஓடு மெலிது, உள்ளே செல்கள் திரண்டிருப்பது தெரியும். எண்ணிக்கை வேண்டுமென்றால் மக்மாஸ்டர் கண்ணாடி இருக்கிறது: 4 கிராம் விட்டையை 56 மில்லி கரைசலில் கலந்து, இரண்டு அறைகளிலும் தெரியும் முட்டைகளை எண்ணி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று கிடைக்கும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. பன்றி தரையில் கிடப்பதையெல்லாம் கிளறித் தின்னும். மற்றப் பன்றியின் விட்டையிலிருந்து விழுங்கிய முட்டைகள் அதன் குடலில் பொரியாமல் அப்படியே வெளியே வந்துவிடும். 200க்குக் கீழே எண்ணிக்கை வந்தால் அந்தப் பன்றிக்குள் புழுவே இல்லாமலும் இருக்கலாம். இதற்கு நேரெதிரானதும் நடக்கும், பண்ணைக்காரர்கள் ஏமாறுவது அதில்தான்.

கொங்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் சுத்தமாகத் தொழில் செய்பவர். மருந்து போட்ட தேதியெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பார். பரிசோதனையில் அவருடைய பன்றிகளின் விட்டையில் முட்டையே இல்லை. ஆனால் வெட்டும் இடத்திலிருந்து ஈரலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்து மேசையில் வைத்தார். கரும்பழுப்பு ஈரலின் மேல், பால் துளி சிந்திக் காய்ந்தது மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். சில திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலைப்பின்னலாகப் படர்ந்திருந்தன. விரலால் தடவினால் மேடு தட்டவில்லை, சுரண்டினாலும் போகவில்லை. "ஏனுங்க சார், மாசம் தவறாம எழுதி வெச்சு மருந்து போடறேன். அப்புறம் எப்படிங்க ஈரல் இப்படி ஆகும்?" என்றார்.

நடந்தது இதுதான். பன்றி முட்டையை விழுங்கியதும் குடலில் குஞ்சுப் புழு வெளியே வந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தம் வழியாக ஈரலுக்குப் போகும். அங்கிருந்து நுரையீரல். நுரையீரலிலிருந்து இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே வந்துசேரும். இந்தச் சுற்றை முடித்து, வளர்ந்து, முட்டையிட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஈரலைக் குடைந்த தடம்தான் அந்த வெள்ளைத் திட்டு. தொற்று நின்றுவிட்டால் ஐந்து வாரம் போலத் திட்டு ஆறி மறைந்துவிடும். ஆக, வெட்டும் நாளில் ஈரலில் திட்டு இருந்தால் கடந்த ஒரு மாதத்துக்குள் அந்தப் பன்றி முட்டையை விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். விட்டையில் முட்டை இல்லாததற்குக் காரணம், புழு முட்டையிடும் வயதை எட்டும் முன்பே மருந்து அதைக் கொன்றுவிட்டதுதான். மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பன்றிகள் அதே தரையிலிருந்து தினமும் புதிதாக முட்டையைத் தின்றுகொண்டிருந்தன.

புழு நுரையீரல் வழியாகச் சுற்றி வருகிறது என்பதையே 1916இல்தான் ஸ்டூவர்ட் என்பவர் எலிகளில் கண்டுபிடித்தார். மனிதரிலும் அப்படித்தானா என்பதைப் பார்க்க 1922இல் ஜப்பானிய மருத்துவர் கொய்னோ மனித அஸ்காரிஸ் முட்டைகள் 2000ஐத் தானே விழுங்கினார், தம்பிக்குப் பன்றி அஸ்காரிஸ் முட்டைகள் 500ஐக் கொடுத்தார். கொய்னோவுக்குக் கடுமையான நிமோனியா வந்தது. அவருடைய சளியிலேயே குஞ்சுப் புழுக்கள் இருந்தன. குட்டிகள் நெஞ்சு படபடக்க மூச்சிழுத்துக்கொண்டு நிற்கும்போது பலர் சளிக்காய்ச்சல் என்று ஆன்டிபயாடிக் வாங்கப் போகிறார்கள். சில நேரம் அது நுரையீரலைக் கடந்துகொண்டிருக்கும் புழு.

இப்போது குழிக்கு வருவோம். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது. உள்ளே கரு வளர்ந்து குஞ்சாக வேண்டும். அதற்குச் சூடு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் தேவை. கொட்டகை மூலையில், கழுவிய தண்ணீர் தேங்கும் வாய்க்கால் ஓரத்தில், மூன்றும் கிடைத்தால் சில வாரங்களில் தயாராகிவிடும். குழிக்குள் காற்றில்லாத குழம்பில் அமிழ்ந்த முட்டை வளராது. சாகவும் சாகாது. அப்படியே நின்றுபோய்க் காத்திருக்கும். ஒருநாள் குழியை வாரி வயலில் கொட்டும்போது காற்றுப் படும், விட்ட இடத்திலிருந்து வளர ஆரம்பிக்கும். "ஆறு மாசமா குழியிலே கிடந்து மக்கிப்போன எரு சார்" என்று சொல்லும்போது எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான். குழியில் ஊறுவது மட்குவது ஆகாது.

உப்புத் தண்ணீரில் மிதக்கும் முட்டை வெறும் தண்ணீரில் மூழ்கும். கழிவுத் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நின்றால் முட்டைகள் அடியில் போய்ப் படியும். இது ஒருவகையில் நல்லது. தொடர் குட்டைகளில் எட்டுப் பத்து நாள் தேக்கி வைத்தால் மேலே நிற்கும் தண்ணீரில் முட்டை வெகுவாகக் குறைந்துவிடும். பச்சையாகச் சாப்பிடும் பயிருக்குப் பாய்ச்சும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் சொன்ன அளவை இப்படி எட்ட முடியும். ஆனால் மேலே குறைந்த முட்டை எல்லாம் அடி மண்டியில் சேர்ந்திருக்கிறது. மண்டியை வாருகிற நாள்தான் ஆபத்தான நாள். அதைத்தான் வெறும் காலோடு இறங்கி வாரச் சொல்கிறோம்.

குடற்புழு நீக்கம் செய்த வாரமும் அப்படித்தான். மருந்துக்குப் பிறகு செத்த புழுக்கள் விட்டையோடு கொத்துக் கொத்தாக விழும். பார்த்ததும் பண்ணைக்காரருக்கு மகிழ்ச்சி, மருந்து பலித்துவிட்டது என்று. பிறகு தண்ணீர் அடித்து எல்லாவற்றையும் குழிக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு பெண் புழுவின் கருப்பைக்குள் 2 கோடிக்கும் மேல் முட்டை இருக்கக்கூடும். சோதனைக்கு வேண்டிய முட்டைகளைப் புழுவின் கருப்பையை அறுத்துத்தான் எடுக்கிறார்கள், அவை நன்றாகவே வளரும். தாய் செத்ததால் முட்டையும் செத்தது என்று ஆகாது. மருந்து போட்ட பின் ஒரு வாரம் விட்டையைத் தனியாக அள்ளி, சூடேறிய எருக் குவியலின் நடுவில் புதையுங்கள். விழுந்த புழுக்களைப் பொறுக்கி எரித்தால் இன்னும் நல்லது. இதற்குச் செலவு ஏதும் இல்லை.

நல்ல புழு மருந்துகள் வருவதற்கு முன்பே இந்தப் புழுவை அடக்கிக் காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்லீன் மாவட்டம் என்று ஒன்று. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பன்றிக்குட்டிகள் புழுவால் நலிந்து செத்துக்கொண்டிருந்தன. வேளாண் துறையின் பிரேட்டன் ரான்சம் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். குட்டி ஈனும் அறையைக் காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தாய்ப்பன்றியை உள்ளே விடுமுன் மடியையும் உடம்பையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈன்ற சில நாளில் தாயையும் குட்டிகளையும் பன்றி மேயாத புது நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதையும் பழைய முற்றத்தின் வழியாக நடத்திப் போகக் கூடாது, வண்டியில் ஏற்றித்தான் போக வேண்டும். நான்கு மாதம் ஆகும்வரை குட்டிகள் அங்கேதான். குட்டி முதல் மாதங்களில் முட்டையைத் தின்னாமல் பார்த்துக்கொண்டதுதான் மொத்த வைத்தியமும். வண்டியில் ஏற்றும் அந்த ஒரு விதியைச் சொன்ன மனிதர் இந்த முட்டையை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார் என்று எனக்கு வியப்பாக இருக்கும். நம் பண்ணைகளில் புது நிலம் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஈனும் முன் தாயைக் கழுவுவது ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு சோப்புக்கட்டி. இதைச் செய்யும் பண்ணையை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

சரி, குவிந்துகிடக்கும் கழிவை என்ன செய்வது? சூடேற்ற வேண்டும், வேறு நல்ல வழியில்லை. அடுப்பு எதுவும் வேண்டாம், குவியலில் உள்ள நுண்ணுயிர்களே சூடேற்றும். பன்றிக் கழிவு மட்டும் தனியாகக் குவிந்தால் சூடேறாது, அதில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம், காற்று நுழைய இடமில்லை. தென்னை நார்க் கழிவு, வைக்கோல், கரும்புச் சோகை, மரத்தூள், எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைக் கலந்து, கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வடியும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். குவியல் மூன்றடிக்குக் குறையாமல் உயரமும் அகலமும் இருக்க வேண்டும், சின்னக் குவியல் சூட்டைத் தக்கவைக்காது. மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைக் கையில் பிடித்து வைத்திருக்க முடிந்தால் சூடு போதவில்லை.

நடுவில் சூடு வந்தால் மட்டும் போதாது. குவியலின் மேல்தோலும் அடியும் ஆறித்தான் இருக்கும், அங்கே உள்ள முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் 1993 விதியில் திறந்தவெளிக் குவியலுக்கு 55 டிகிரியில் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல் என்று இருக்கிறது. வெளியே இருந்தது உள்ளே போகிறமாதிரி புரட்ட வேண்டும். முதுகு ஒடியும் வேலைதான். புரட்டுகிறவருக்குப் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள் என்று நான் கெஞ்சாத பண்ணை இல்லை.

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். எரிவாயு நல்ல விஷயம், நாற்றம் குறையும், அடுப்பு எரியும். ஆனால் நம் ஊர்க் கலன்கள் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், ஒரு மாதம் போலக் கழிவைத் தேக்கி ஓடுபவை. அந்தச் சூட்டில் முட்டை எல்லாம் சாகாது. கலனிலிருந்து வரும் குழம்பையும் குவியலில் சேர்த்துச் சூடேற்றத்தான் வேண்டும். மண்புழு உரமும் அப்படியே. மண்புழு சூட்டில் வாழாது, ஆகவே முதலில் குவியல் சூடேறித் தணிந்தபிறகுதான் அதை மண்புழுவிடம் கொடுக்க வேண்டும்.

நாடாப்புழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும், ஏனென்றால் பன்றிக் கழிவு என்றதும் ஊர் பயப்படுவது அதற்குத்தான். டீனியா சோலியம் என்ற அந்த நாடாப்புழுவின் முட்டை பன்றியின் விட்டையில் இருக்காது. வளர்ந்த நாடாப்புழு வாழ்வது மனிதக் குடலில், முட்டை வெளியேறுவது மனித மலத்தில். அந்த மலத்தைத் தின்ற பன்றியின் தசையில் நீர்க்கட்டி உண்டாகும். அந்த முட்டை இன்னொரு மனிதரின் வாய்க்குள் போனால் கட்டி அவருடைய மூளையிலும் உண்டாகலாம், வலிப்பு வரலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகரும் உடன் பணியாற்றியவர்களும் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தக் கட்டிதான் என்று தெரியவந்தது. சைவர்களுக்கும் வரும். 1992இல் நியூயார்க்கில் பன்றி இறைச்சியைத் தொடவே தொடாத ஆர்த்தடாக்ஸ் யூதச் சமூகத்தில் நான்கு பேருக்கு இந்தக் கட்டி இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டை வந்த வழி மனிதக் கை.

பன்றி வளர்ப்பவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியும். தெருவுக்குள் வராதே என்பதில் தொடங்கி, டீக்கடையில் முகம் சுளிப்பது வரை. வலிப்பு வந்த பிள்ளையைக் காட்டி அவர்களைப் பழிப்பதையும் கேட்டிருக்கிறேன். அந்தப் பழி அநியாயமானது. கழிப்பறை இல்லாத ஊரும், மலத்தைத் திறந்தவெளியில் விட்ட எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய நோய் அது. பண்ணைக்காரர்களிடம் நான் சொல்வது வேறு: உங்கள் பண்ணையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள், சோப்பும் தண்ணீரும் வையுங்கள். நாடாப்புழு உள்ள ஒருவர் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கினால் போதும், ஒரு கூட்டப் பன்றிகளுக்கே கட்டி வரும்.

உருண்டைப் புழு விஷயத்தில் பாதை திரும்பி ஓடுகிறது, பன்றியிடமிருந்து மனிதருக்கு. பன்றி அஸ்காரிஸ் மனிதக் குடலிலும் வளரும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2010 முதல் 2013 வரை சிறு பண்ணைகளில் பன்றிகளோடு பழகிய 14 பேருக்கு அஸ்காரிஸ் தொற்று இருந்தது பதிவாகியிருக்கிறது. மனிதருக்கு மனிதர் அஸ்காரிஸ் பரவுவது அங்கே அபூர்வம், ஆகவே பன்றியிடமிருந்துதான் வந்தது என்று அங்கே சுலபமாகத் தெரிந்துவிட்டது. நம் ஊரில் அப்படிப் பிரித்துப் பார்ப்பது கடினம். பாலன்டிடியம் கோலை என்ற பெரிய ஒருசெல் உயிரியும் பன்றி விட்டை வழியாக மனிதருக்கு வந்து ரத்தபேதி உண்டாக்கும். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கொட்டகை வாசலில் மண்ணில் விளையாடுவதைப் பார்க்கும்போது முதலில் கை கழுவும் பழக்கத்தைத்தான் கேட்பேன்.

கடைசியாக, எரு வாங்கும் விவசாயிகளுக்கு. பன்றி எருவில் மணிச்சத்து நன்றாக உண்டு, வாழைக்கும் தென்னைக்கும் அருமையான எரு, வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பச்சை எருவைக் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, கேரட் பாத்திகளில் போடாதீர்கள். மண்ணைத் தொடும் காய்களுக்குப் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்து அறுவடை என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதி சொல்கிறது. அஸ்காரிஸ் முட்டை அந்த 120 நாளையும் தாண்டி மண்ணில் உயிரோடு இருக்கும். வண்டி எருவுக்கு விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்: குழியிலிருந்து வாரியதா, குவியலிலிருந்து வாரியதா? குவியல் என்றால் எத்தனை முறை புரட்டினார்கள், கம்பி சுட்டதா? பதில் திருப்தியாக இல்லையென்றால் வாங்கிவந்து நீங்களே வைக்கோல் கலந்து குவித்துப் புரட்டுங்கள், அல்லது நேராகத் தென்னைக்குக் கொண்டுபோய் மண் மூடிப் புதைத்துவிடுங்கள்.